உப்பு ஏறாத தெரு

பிள்ளைப்பாக்கத்தில் சுந்தராம்பாள் வீட்டுத் தொட்டியில் கிடந்த கால்மீன் சாப்பிட மறுத்த காலம் முழுக்க, ஏரிக்கரைத் தெருவில் எந்த வீட்டுக் குழம்பிலும் உப்பு ஏறவில்லை. போட்ட உப்பு கரைந்தது, ஏறவில்லை. ஒரு சிட்டிகை போட்டாலும் அப்படித்தான், ஒரு படி போட்டாலும் அப்படித்தான். அடுத்த தெருவில் ஏறியது, பென்னலூரில் ஏறியது, படப்பை சந்தையில் விற்ற சுண்டலில் ஏறியது. இந்த ஒரு தெருவில் மட்டும் ரசம் வெந்நீராகவும் ஊறுகாய் வெறும் காரமாகவும் இருந்தன. இது அறுபத்தைந்தாம் வருஷம் ஆடியில் தொடங்கி இரண்டு வருஷத்துக்கு மேல் நீடித்தது. உப்பு வண்டிக்காரருக்கு முதல் மாதம் நல்ல வியாபாரம். அடுத்த மாதம் தெருவே சேர்ந்து அவர் மண்ணை விற்கிறார் என்று வண்டியை மறித்தது. அவர் எல்லார் முன்னாலும் ஒரு கல் எடுத்து வாயில் போட்டு, அது கரிக்கவில்லை என்று தெரிந்ததும், மாட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கால்மீன் என்பது ஊர் வைத்த பெயர். படப்பையில் தோட்ட வீடு கட்டிக்கொண்டு ஓய்வாக இருந்த தேவசகாயம் என்ற விலங்கியல் பேராசிரியர் அதற்கு வேறு பெயர் சொல்வார். அதைச் சொல்வதற்குள் நாக்கு இரண்டு தரம் மடங்கும் என்பதால் யாரும் மெனக்கெடவில்லை. மெக்சிகோ நாட்டு ஏரியில் பிறந்த சாதி. அரை முழ நீளம், வேகவைத்து உரித்த பனங்கிழங்கின் நிறம், நாலு கால், கழுத்துக்கு இரண்டு பக்கமும் சிவப்பு இறகு சொருகியது போல செவுள். கால் அறுந்தால் திரும்ப முளைத்துவிடும். இதில் அதிசயம் ஒன்றுமில்லை, அதன் சுபாவமே அது என்று பேராசிரியர் சொன்னார். வாய் மட்டும் எப்போதும் சிரித்த மாதிரி இருக்கும். அந்தச் சிரிப்புதான் பின்னால் எல்லாரையும் நோகடித்தது. பட்டினி கிடக்கிற பிராணி முகத்தைச் சுளித்துக்கொண்டாவது கிடக்க வேண்டாமா என்று கேட்டார்கள்.

பேராசிரியர் வீட்டில் இப்படி ஏழெட்டு இருந்தன. அவற்றுக்குத் தண்ணீர் மாற்றவும் தீனி போடவும் வைத்திருந்த ஆள்தான் சுந்தராம்பாளின் புருஷன் நாகப்பன். மற்றவை போட்டதைத் தின்றன. இது ஒன்று மட்டும் பேராசிரியர் கையால் எதைக் கொடுத்தாலும் உறிஞ்சி, வாயில் வைத்துப் பார்த்து, துப்பிவிடும். நாகப்பன் கொடுத்தால் தின்னும். இது தேறாது, ஏரியில் விட்டுவிடு என்று பேராசிரியர் சொன்னார். நாகப்பன் மண்ணெண்ணெய் டின் ஒன்றை மூன்று நாள் கழுவி, அதில் போட்டு சைக்கிளில் வீட்டுக்குக் கொண்டுவந்து, கொல்லையில் மாட்டுக்குக் கழுநீர் ஊற்றும் சிமென்ட் தொட்டியில் விட்டார். மாடு அன்றிலிருந்து வாளியில் குடித்தது. காலையில் அவர் வேலைக்குக் கிளம்புமுன் வாழைமரத்தடியில் மண்புழு கிளறுவார். தொட்டியருகே வீட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு புழுவையும் முகத்தருகே கொண்டுபோய்விட்டுப் பிறகு தண்ணீருக்குள் நீட்டுவார். மண்ணை ஊதிவிடுகிறார் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

நாகப்பனுக்கும் சாப்பாட்டில் நாக்கு நீளம். இலையில் உட்கார்ந்து முதல் வாய் வைத்ததும் தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். அந்தச் சாய்வைப் பார்த்தாலே தெருவுக்குத் தெரியும், இன்றைக்கும் உப்பு சரியில்லை. ஒரு நாள் கம்மி, ஒரு நாள் கடல். அவர் சொன்னது பொய்யில்லை. சுந்தராம்பாள் சமைத்ததை வாயில் வைத்துப் பார்க்கவே மாட்டாள். சாமிக்கும் செத்தவர்களுக்கும் படையல் போடும்போது ஊரில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்வார்கள். ருசி பார்த்தால் எச்சில், எச்சிலைப் படைக்கக்கூடாது. கட்டிக்கொடுத்து அனுப்பும்போது சுந்தராம்பாளின் தாய், புருஷனும் சாமி மாதிரிதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். மற்ற பெண்கள் இப்படிப்பட்ட வார்த்தைகளை ஊர் எல்லை தாண்டும்போதே வண்டியிலிருந்து கீழே போட்டுவிடுவார்கள். சுந்தராம்பாள் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டாள். பத்து வருஷக் குடித்தனத்தில் ஒரு வேளைகூட அவள் அவருக்கு ருசி பார்த்துப் போடவில்லை. அதை மரியாதை என்றே நினைத்திருந்தாள்.

கடைசி நாள் கருவாட்டுக் குழம்பு. கருவாட்டில் இருக்கும் உப்பைக் கணக்கில் எடுக்காமல் போட்டுவிட்டாள். நாகப்பன் ஒரு வாய் வைத்து, தலையைச் சாய்த்து, தட்டை மெதுவாகத் தள்ளினார்.

"ஏன்டி, நான் இன்னா செத்தா பூட்டேன்? உசுரோட கீறவனுக்கு ஒரு தரம் உப்பு பாத்துப் போடக்கூடாதா?" என்றார்.

பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கையைக் கழுவி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஏரிக்கரை வளைவில் சைக்கிளோடு சரிந்து கிடந்தவரை வண்டிக்காரர்கள் தூக்கிவந்தார்கள். மாரடைப்பு என்றார் டாக்டர். வெறும் வயிறு என்றாள் சுந்தராம்பாள். அதற்குப் பிறகு அவள் அந்த இரண்டு வார்த்தையை விட்டு வெளியே வரவில்லை.

காரியத்தன்று ஓட்டின் மேல் வைத்த சோற்றைக் காக்கை தொடவில்லை. வந்து உட்கார்ந்தது, சோற்றைப் பார்த்தது, தலையை ஒரு பக்கம் சாய்த்தது, பக்கத்து வீட்டு முருங்கைமரத்துக்குப் போய்விட்டது. அமாவாசைக்கு அமாவாசை இதே கதை. நாகப்பன் போன நாளிலிருந்தே கால்மீனும் சாப்பாட்டை நிறுத்தியிருந்தது. அம்மன் கோயில் பூசாரி கன்னியப்பன் கொல்லைக்கு வந்து, தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, இரண்டையும் முடிச்சுப் போட்டார். நாகப்பன் எங்கேயும் போகவில்லை, இதற்குள்தான் இருக்கிறார், பசியோடு இருக்கிறார், இது வயிறு நிறைந்தால்தான் தெருவுக்கு உப்பு வரும் என்றார். சொல்லிவிட்டு அவர் வாங்கிக்கொண்ட தேங்காய் மூடிகூட சப்பென்று இருந்ததாகப் பின்னால் குறைப்பட்டார்.

சுந்தராம்பாளுக்கு உப்பைப் பற்றிக் கவலையில்லை. அவளுக்கு லீலா இருந்தாள். எட்டு வயது, ஒரே பெண். அப்பா போனதிலிருந்து லீலா தினமும் தொட்டிக்கருகே உட்கார்ந்து, "அது துன்னட்டும், நான் துன்றேன்" என்று சொல்லிவிடுவாள். அடித்தும் பார்த்தார்கள், ஜவ்வு மிட்டாய் வாங்கிக் கொடுத்தும் பார்த்தார்கள். நாள் முழுக்க இரண்டு மடக்குக் கஞ்சித் தண்ணீர் இறங்கும், அவ்வளவுதான். அதற்குள் இன்னொன்றும் தெரியவந்தது. பட்டினி கிடந்தது கால்மீன், எடை குறைந்தது லீலா. கால்மீன் பனங்கிழங்கு மாதிரி அப்படியே இருந்தது. லீலாவும் பார்வைக்கு இளைக்கவில்லை, கன்னம் கன்னமாகத்தான் இருந்தது. ஆனால் தூக்கினால் காலி முறம் தூக்குகிற மாதிரி இருந்தது. முதலில் அவள் நடந்த இடத்தில் காலடி விழவில்லை. பிறகு கயிற்றுக்கட்டிலில் படுத்தால் கயிறு தொய்யவில்லை. அடுத்த ஆடிக்குள் பாவாடை ஓரத்தில் எடைக்கல் வைத்துத் தைக்க வேண்டியதாயிற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் பக்கத்தில் அம்மி பறக்கவில்லை, லீலா பறந்தாள். அம்மியில்தான் அவளைக் கட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அவளை ஜன்னலிலிருந்து தள்ளி உட்காரவைத்து, மணி அடித்ததும் இரண்டு பெரிய பெண்களைத் துணைக்குப் பிடித்துக்கொண்டு போகச் சொன்னார்.

ஆகவே சுந்தராம்பாள் கால்மீனைச் சாப்பிடவைக்க ஆரம்பித்தாள். நாகப்பன் என்று நினைத்ததால் முதலில் நாகப்பனுக்குப் பிடித்ததைப் போட்டாள். கருவாடு, வடை, மொச்சைக்கொட்டைக் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு. தண்ணீர் நாறியதே தவிர அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எருக்குழியில் சிவப்புப் புழு பொறுக்கிப் போட்டாள். அதை மட்டும் உறிஞ்சியது. உறிஞ்சி, ஒரு கணம் வைத்திருந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, துப்பியது. சுந்தராம்பாள் தொட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

படப்பைக்கு நடந்துபோய்ப் பேராசிரியரைக் கேட்டாள். அவர் நல்ல மனுஷர், நாற்காலி போட்டு உட்காரவைத்துச் சொன்னார். எருக்குழிப் புழு கசக்கும், அதன் மேலே ஊறுகிற பசை அப்படி, தோட்டத்து மண்புழுதான் கொடுக்க வேண்டும். செத்ததாகப் போட்டால் கண்ணுக்குத் தெரியாது, முகத்துக்கு முன்னால் நெளியவிட வேண்டும். தண்ணீர் சூடானால் பசி எடுக்காது, சில்லென்று வைக்க வேண்டும். சுந்தராம்பாள் எல்லாவற்றையும் செய்தாள். வாழைமரத்தடியில் புழு எடுத்துக் கழுவி, ஈர்க்குச்சியில் இடுக்கி அதன் மூக்கருகே ஆட்டினாள். தொட்டிக்கு மேல் கீற்றுப் பந்தல் போட்டு, சுற்றிலும் ஈரச்சாக்கு கட்டினாள். கத்திரி வெயிலில் தாம்பரத்திலிருந்து மரத்தூளில் பொதிந்த ஐஸ்கட்டி பஸ்ஸில் வந்தது. கண்டக்டர் அதற்கும் ஒரு அரை டிக்கெட் கிழித்தார். கால்மீன் ஐஸ்கட்டிக்குப் பக்கத்தில் போய்ச் சுகமாகப் படுத்துக்கொண்டது. புழுவை வாங்கியது, வைத்திருந்தது, துப்பியது. மறுபடி படப்பைக்குப் போனாள். இந்த இனம் இரண்டு மூன்று வாரம் சாப்பிடாமல் இருக்கும், இரண்டு வருஷம் இருப்பது புத்தகத்தில் இல்லை என்றார் பேராசிரியர். சொல்லிவிட்டு அவளுக்குக் காபி கொடுத்தார். காபியில் சர்க்கரை சரியாக இருந்தது. சர்க்கரை மேல் நாகப்பனுக்கு ஒரு காலத்திலும் வருத்தம் இருந்ததில்லை.

இதற்கிடையில் தெரு பொறுமை இழந்துகொண்டிருந்தது. உப்பில்லாமல் சாப்பிடுகிறவர்களுக்குக் கோபம் சீக்கிரம் வருகிறது, ரோஷம் குறைகிறது என்று அப்போது கண்டுகொண்டார்கள். நாள் பூராவும் சண்டை போடுவார்கள், எதற்கு என்று சாயங்காலம் ஞாபகம் இருக்காது. வெளியூர் மாப்பிள்ளைகள் பண்டிகைக்கு வருவதை நிறுத்தினார்கள். எதிர்வீட்டுப் பாப்பம்மாள் தன் மகளுக்குப் பென்னலூரில் சம்பந்தம் பேசி முடித்தாள். கல்யாண விருந்தை வேறு தெருவில் சமைத்துத் தூக்கிவந்தார்கள். தெருமுனை தாண்டும்போதே அண்டாவிலிருந்த உப்பு போய்விட்டது. பதறி ஆளாளுக்கு ஒரு படி கொட்டினார்கள். கொட்டியதும் கரைந்தது, ஏறவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முதல் வாயிலேயே ஒருவரை ஒருவர் பார்த்து, உப்பில்லாச் சோறு போட்டு எங்களை உப்பில்லாதவர்கள் என்கிறீர்களா என்று கேட்டு, பந்தியோடு எழுந்தார்கள். தாலி ஏறிவிட்டதால் பெண்ணை மட்டும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை பாப்பம்மாள் ஐந்தாறு ஆட்களோடும் ஓர் அலுமினிய அண்டாவோடும் கொல்லைக்கு வந்தாள். கால்மீனை அதில் அள்ளி ஏரியில் விடுவதென்று முடிவாகியிருந்தது. கன்னியப்பன் பூசாரியும் வந்திருந்தார், எந்தப் பக்கம் என்று சொல்லாமல் நின்றார். லீலா தொட்டியருகே அம்மியில் கட்டப்பட்டு, ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"யக்கா, வேணாம்," என்றாள் சுந்தராம்பாள். "புள்ளக்கி ஆவாது."

"என் பொண்ணு அங்க போய் அழுதுகினு கீது. அது புள்ள இல்லியா?" என்றாள் பாப்பம்மாள். ஆட்களைப் பார்த்து, "அள்ளுங்கடா, சாமின்னு பாக்காதீங்க. சாமின்னா போட்டத துன்னும்," என்றாள்.

அள்ளினார்கள். கால்மீன் தண்ணீரை விட்டு மேலே வந்ததும் லீலா மேலே போனாள். கீற்றுப் பந்தலைப் பிய்த்துக்கொண்டு போனாள். கயிறு விறைத்தது. அம்மி ஒரு பக்கம் தூக்கி, பிறகு மொத்தமாகத் தரையை விட்டு எழும்பியது. கன்னியப்பன் அம்மிமேல் ஏறிக் குந்திக்கொண்டார். நல்ல கனமான ஆள், அவரோடு சேர்த்து அது தரையில் தேய்ந்து நகர்ந்தது. உள்ள விடுங்கடா என்று அவர் கத்தியதும் கால்மீனைத் தொட்டிக்குள் போட்டார்கள். லீலா கூரை உயரத்துக்கு இறங்கி நின்றாள். அதற்குமேல் இறங்கவில்லை. மேலிருந்து எல்லாரையும் வேடிக்கை பார்த்தாள், அழவில்லை.

பாப்பம்மாள் பயந்துபோனாள். பயத்தில் வார்த்தை தடித்தது.

"உசுரோட இருந்தப்பவும் உன் கையால அந்த ஆளு நிம்மதியா துன்னல. செத்தும் துன்னல. இன்னாதான்டி கீது உன் கையில? விஷமா கீது?"

பாப்பம்மாளே அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்த மாதிரி புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். சுந்தராம்பாள் மேலே பெண்ணைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். காலையில் கழுவி வைத்த புழுக்கள் கொட்டாங்கச்சியில் நெளிந்துகொண்டிருந்தன. கொழுத்ததாக ஒன்றை எடுத்தாள்.

"விஷமா? இந்தா பாரு," என்று சொல்லிவிட்டு, வாயில் வைத்துக் கடித்தாள்.

கடித்தவள் துப்பவில்லை. மென்றாள். முகத்தில் அருவருப்பு வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். வந்தது வேறு. யோசிக்கிற முகம். அவளுடைய தலை மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் தன் கையால் கொடுக்கப்போகும் ஒன்றை வாயில் வைத்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கம்மிதான்யா," என்றாள், தொட்டியைப் பார்த்து. "நீ சொன்னது சரிதான். கம்மிதான்."

மீதிப் பாதியைத் தண்ணீருக்குள் நீட்டினாள். கால்மீன் வந்தது. உறிஞ்சியது. எல்லாரும் குனிந்தார்கள். அது வைத்திருந்தது, வைத்திருந்தது, விழுங்கியது. பிறகு அவள் விரலருகே வந்து வாயைத் திறந்தது. சுந்தராம்பாள் அடுத்த புழுவைக் கடித்தாள். கொட்டாங்கச்சி காலியாகும்வரை இப்படியே நடந்தது. லீலா கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவந்து, அம்மிமேல் உட்கார்ந்திருந்த கன்னியப்பன் தோளில் காலை ஊன்றித் தரைக்கு வந்தாள்.

"நைனாவும் இப்டிதான் கடிச்சிப் பாத்துக் குடுக்கும்," என்றாள்.

"அடிப்பாவி. ஏன்டி இத்தினி நாளா சொல்லல?"

"நீ எங்க கேட்ட? எனக்குப் பசிக்குது."

அந்த நேரத்தில் தெருவில் உப்பு ஏறியது. இரண்டு வருஷமாகக் கொட்டியதெல்லாம் சேர்ந்து ஏறியது. அடுப்பிலிருந்த குழம்புகள் கடல் ஆயின. ஊறுகாய் ஜாடிகள் உப்புப் பூத்தன. பாப்பம்மாள் வீட்டில் மிஞ்சியிருந்த கல்யாண சாம்பாரை நாய் நக்கிவிட்டு ஏரிவரை ஓடியது. தெருவே சாப்பாட்டைக் கொட்டிவிட்டுப் புதிதாக உலை வைத்தது. சுந்தராம்பாளும் வைத்தாள். பருப்புக் கடைந்து, உப்புப் போட்டு, கரண்டியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு தரம் பார்த்தாள். அப்போதும் தெரியவில்லை. தெருவுக்கு உப்பு திரும்பிய நேரத்தில் அவள் நாக்கிலிருந்து அது போயிருந்தது. லீலாவைக் கூப்பிட்டு ஒரு கரண்டி கொடுத்தாள். "சரியா கீதும்மா," என்றாள் லீலா. அதற்குப் பிறகுதான் இலை போட்டாள். லீலா மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

அந்த நாக்கு திரும்பவே இல்லை. காக்கையும் வரவில்லை. அமாவாசைச் சோறு ஓட்டின்மேல் காய்ந்தது, ஊர்க்காரர்கள் அதைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார்கள். சுந்தராம்பாள் படையலைக்கூட ருசி பார்த்தே போட ஆரம்பித்தாள், அதாவது லீலாவைப் பார்க்கவைத்து. சாமிக்கு எச்சிலா என்று கன்னியப்பன் கேட்டார். அது சாமிக்குத் தெரியும், உங்களுக்கு வேணும்னா கொஞ்சம் துன்னுங்க என்றாள் அவள். தின்றார். நன்றாக இருந்தது என்று தெருவில் சொன்னார். காலையில் அவள் கொல்லையில் குந்திக்கொண்டு ஒவ்வொரு புழுவாகக் கடித்துக் கொடுப்பது தெருவுக்குப் பழகிப்போனது. ஊருக்கு வருகிறவர்கள் முகத்தைச் சுளித்தால், உன் வீட்டில் உப்பு இருக்கிறதல்லவா, வாயை மூடு என்று தெரு சொல்லும்.

வருஷங்கள் போயின. மின்சாரம் வந்தது, பம்ப்செட் வந்தது, கிணறுகள் ஆழமாயின. பேராசிரியர் காலமானார். அவருடைய மற்ற கால்மீன்கள் அவருக்கு முன்பே போய்விட்டன. இது ஒன்று சிரித்த வாயோடு தொட்டியில் இருந்தது. பாப்பம்மாளின் மகள் முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, உப்புக்கண்டம் கேட்டு வாங்கித் தின்றுவிட்டுப் போனாள். எண்பதுகளில் நெடுஞ்சாலைக்கும் தெருவுக்கும் நடுவே இருந்த நிலங்களை வாங்கி ஒரு கம்பெனி எழும்பியது. நெல் விளைந்த இடத்தில் நட்டும் போல்ட்டும் விளைந்தன. லீலா பாக்கிங் செக்‌ஷனில் வேலைக்குச் சேர்ந்தாள். அவளுடைய இடது குதிகால் மட்டும் கடைசிவரை தரையில் படவில்லை. வலது செருப்பு தேயும், இடது செருப்பு புதிதாகவே இருக்கும். சூப்பர்வைசர் முதலில் அதைக் குறையாக எழுதிவைக்கப் பார்த்து, எந்தக் காரணம் போடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டார்.

கம்பெனி கேன்டீன் நின்ற இடம் ஏரிக்கரைத் தெருக்காரர்களின் நிலம். ஆகவே தெருவின் சட்டம் அதற்கும் பொருந்தியது. சமையல்காரர் சுப்பிரமணி திருநெல்வேலிப் பக்கத்து ஆள், வந்த மாதமே விஷயத்தைக் கேட்டு ஏற்றுக்கொண்டார். அடுப்புக்கு மேலே விறகு, எண்ணெய், உப்பு என்று எழுதிய வரிசையில் கால்மீன் என்றும் சேர்த்து எழுதிக்கொண்டார். சாம்பார் சப்பென்று இருந்தால் பதறமாட்டார். கரண்டியை வைத்துவிட்டுத் தெருவுக்கு நடந்து வருவார். எண்பத்து நாலில் ஒரு பகல் ஷிப்டின்போது இன்றைக்குச் சாம்பாரில் உப்பே இல்லை என்று தொழிலாளர்கள் தட்டைத் தட்டினார்கள். அவர் வந்தார். சுந்தராம்பாள் கொல்லையில் ஈரச்சாக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கால்மீன் சாப்பிட்டுட்டுல்லா?"

"வயிறு முட்டத் துன்னுட்டுத் தூங்குது."

"பொறவு ஏன் சாம்பார்ல உப்பு ஏறல?"

சுந்தராம்பாள் சாக்கைப் பிழிந்து தொட்டிமேல் போட்டாள்.

"இறக்கறதுக்கு முன்னாடி வாயில வச்சுப் பாத்தியாய்யா?"

சுப்பிரமணி பார்க்கவில்லை. திரும்பிப் போய் உப்புப் போட்டார்.